பாடுதலும் குளறுதலும்: ஆங்கில வினையொன்றின் பொருட்பரப்பும் மட்டக்களப்பு வாவியும்

மொழிபெயர்ப்புப் பாடவேளையொன்றில் எமக்குச் சில ஆங்கில வாக்கியங்கள் தரப்பட்டன. அவற்றுள் ஒன்று, அடுப்பின்மீதிருந்த கேத்தல் எழுப்பும் ஓசையைச் 'சிங்' என்னும் வினையாற் கூறியது. சக மாணவர் ஒருவர் சிறிதும் தயங்காது, 'கேத்தல் பாடிக்கொண்டிருந்தது' என எழுதி வாசித்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது, விரிவுரையாளரும் சிரித்தார். அதே தாளின் கீழ்ப்பகுதியில் மட்டக்களப்பைப் பற்றிய சிறு பந்தியொன்று இருந்தது. அதில் வந்த 'சிங்கிங் பிஷ்' என்னும் தொடரை நாம் அனைவரும் 'பாடும் மீன்' என்று எழுதினோம். எவரும் சிரிக்கவில்லை. கேத்தல் பாடுவது நகைப்புக்குரியதாயின், மீன் பாடுவது எவ்வாறு இயல்பாயிற்று என்னும் வினா அன்று என்னுள் எழுந்தது. அதற்கு விடைகாணும் முயற்சியே இக்கட்டுரை.

பிறமொழியொன்றைக் கற்போர்க்குப் பேரிடர் விளைப்பன அன்றாடம் வழங்கும் எளிய வினைச்சொற்களே. அரிய சொல்லுக்கு அகராதி ஒரு பொருளையோ இரண்டையோ கூறி அமைந்துவிடும். எளிய வினைக்கு அது பக்கம் பக்கமாகப் பொருள் கூறும். ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பெற்றது 'செற்' என்னும் மூன்றெழுத்து வினையாகும். மூன்றாம் பதிப்புக்கான பணியில் 'ரன்' என்னும் வினை அதனை விஞ்சி, 600க்கு மேற்பட்ட பொருள்களைப் பெற்றுள்ளது. இத்தகைய பெருவினைகளை எதிர்கொள்ளும் மாணவர் முன்னெச்சரிக்கையோடு இருப்பர். ஏமாற்றம் நிகழ்வது 'சிங்' போன்ற வினைகளிடத்தேயாம். அதற்கு ஒரே பொருள்தான் உண்டென்றும், அப்பொருளுக்கு நேரான தமிழ்ச்சொல் 'பாடு' என்றும் கீழ்வகுப்பிலேயே கற்றுவிட்டமையால், அதன்பின் அச்சொல்லை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை, வினையால் வேறுபடுவன, வேறுபடாதன என இரண்டாகப் பகுத்துள்ளமையை நாம் அறிவோம். 'மா' என்பது மரமோ விலங்கோ என்னும் ஐயம், 'பூத்தது' என்ற வினை வந்தவுடன் நீங்குகிறது. இங்கு ஐயத்துக்குரியது பெயர். ஐயந் தீர்ப்பது வினை. ஆங்கிலத்தின் பொதுவினைகளிடத்து நிலைமை தலைகீழாகவுள்ளது. ஐயத்துக்குரியது வினையே; எழுவாயாகிய பெயர்தான் அதனைத் தெளிவிக்கவேண்டும். ஆகவே ஆங்கில வினையைத் தமிழாக்குவோர் வினையை மட்டும் நோக்காது, அவ்வினையைச் செய்வது எது என்பதையும் நோக்குதல் வேண்டும். இவ்வளவில் இலக்கணத்தை நிறுத்திக்கொண்டு 'சிங்' என்னும் வினைக்கு வருவோம்.

அவ்வினைக்கு மனிதர் இராகத்தோடு பாடுதல் என்பதே தலைமைப் பொருள். புலவன் ஒருவன் வீரனையோ நாட்டையோ பொருளாகக் கொண்டு செய்யுள் இயற்றுவதையும் அது குறிக்கும். இலியட் காப்பியம் கலைத்தெய்வத்தைப் பாடுமாறு வேண்டித் தொடங்குவதும், வேர்ஜில் தாமே பாடுவதாகத் தம் காப்பியத்தைத் தொடங்குவதும் ஐரோப்பிய மரபில் இப்பொருளை நிலைநாட்டின. இவ்விரு பொருள்களிலும் 'சிங்' வினையும் எமது 'பாடு' வினையும் இணைந்தே செல்கின்றன. புறநானூற்றுக் கொளுக்கள் இன்ன மன்னனை இன்ன புலவர் பாடியது எனக் கூறுவதையும் பாடாண் என்னும் திணைப் பெயரையும் நோக்கின், இவ்வொற்றுமை புலனாகும். ஆயின் இவ்விடத்திலிருந்து இரு வினைகளும் வெவ்வேறு வழிகளிற் பிரிந்துவிடுகின்றன.

ஆங்கில வினை ஓசையின் வழியே சென்றது. பறவைகள் பல அம்மொழியிற் பாடும். கொதிநிலையை அணுகும் கேத்தல் பாடும். காற்றிலாடும் தந்திக்கம்பி பாடும். காதருகே விரைந்து செல்லும் அம்பும் துப்பாக்கிச் சன்னமும் பாடும். காய்ச்சற்காரன் காதே பாடும். இவற்றுட் சொல்லுமில்லை, பொருளுமில்லை. நீண்டு தொடர்ந்து ஒலிக்கும் மெல்லிய ஓசை ஒன்றே பொதுவாகவுள்ளது. இதற்குப் புறநடையாக, பொலிசாரிடம் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் கள்வனையும் 'பாடினான்' என்று ஆங்கிலக் கொச்சை வழக்குக் கூறும். நாமோ அவன் எல்லாவற்றையும் 'கக்கிவிட்டான்' என்போம்.

தமிழ் வினை சொல்லின் வழியே சென்றது. அறம் பாடுதல், வசை பாடுதல், ஒத்துப் பாடுதல், பஞ்சப்பாட்டுப் பாடுதல், பழைய பல்லவியையே பாடுதல் எனப் 'பாடு' பெற்ற விரிவுகள் யாவற்றிலும் ஒருவர் வாய்திறந்து ஏதோவொன்றைச் சொல்கிறார். இராகம் போனாலும் சொல் போகவில்லை. எமது பிரதேசப் பேச்சுவழக்கு இதற்கு இன்னும் உறுதியான சான்று தருகிறது. இங்கு ஒருவரைப் பாடும்படி கேட்போர் 'ஒரு பாட்டுப் படியுங்கோ' என்றே பெரும்பாலும் கேட்பர். கண்ணகையம்மன் கோயிற் சடங்கில் வழக்குரை படிக்கப்படுகிறது. வயலிலும் வாவியிலும் கவி படிக்கப்படுகிறது. பாடுதலும் படித்தலும் இவ்வாறு இடம் மாறி வழங்குதல், பாட்டு என்பது முதலிற் சொல்லாலாயது என்னும் உணர்வு மக்களிடத்து எத்துணை வலுவாகவுள்ளது என்பதைக் காட்டுகிறது. வாயாலெழும் ஓசையாயினும் சொல்லற்றதாயின், குரவைபோல, அதற்கு வேறு வினையுண்டு. குரவையை எவரும் பாடுவதில்லை, இடுவர்.

சொல்லற்ற ஓசைகளுக்கு எமது மொழி வறுமையுற்றதன்று. சூடாமணி நிகண்டின் பத்தாந் தொகுதி முழுவதும் ஒலிபற்றிய பெயர்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. பாடசாலையில் நாம் மனனஞ் செய்த மரபுச்சொற்களை நினைவுகூர்க. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், வண்டு முரலும், ஆந்தை அலறும், கூகை குழறும். இவ்வோசைகளைத் தமிழ் உயிருக்கொன்றாகப் பகிர்ந்தளித்துள்ளது. கடலும் கேத்தலும் காதும் எமது வழக்கில் இரையும். அன்று சிரித்த வகுப்பில் எவரேனும் 'கேத்தல் இரைந்துகொண்டிருந்தது' என எழுதியிருப்பின் மொழிபெயர்ப்புச் செம்மையாக அமைந்திருக்கும். ஆனால் இந்த நெடும் பட்டியலில் மீனுக்கென ஒரு வினையில்லை. மீன் துள்ளும், பிறழும், உகளும், ஒலிக்காது. கீச்சான் என்னும் மீனின் பெயர், தூண்டிலிற் பட்டதும் அது எழுப்பும் கீச்சொலியால் வந்ததெனத் தோன்றுகிறது. ஆங்கிலேயர் அம்மீனுக்கு இட்ட பெயர் பன்றியின் உறுமலைச் சுட்டும் வினையடியாகப் பிறந்தது. ஒரே மீனின் ஒரே ஒலியை ஒரு காது கீச்சென்றும் மற்றொரு காது உறுமலென்றும் கேட்டிருக்கிறது!

ஈண்டு ஒரு தடை எழக்கூடும். தமிழ்க் கவிதையில் வண்டு பாடவில்லையா என வாசகர் வினவலாம். பாடியிருக்கிறது, பல இடங்களிற் பாடியிருக்கிறது. ஆயின் அவ்விடங்களைக் கருத்தூன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அகநானூற்றின் 82ஆஞ் செய்யுளிற் கபிலர் குறிஞ்சி நிலத்தையும், நாட்டுப்படலத்திற் கம்பர் மருத நிலத்தையும் ஆடரங்குகளாக அமைக்கின்றனர். ஒன்று முழவாகிறது, ஒன்று விறலியாகிறது, ஒன்று அவையாகிறது. அவ்வரங்கில் இசைக்குரிய இடம் ஓசையெழுப்பும் சிற்றுயிருக்குக் கிடைக்கிறது. அங்கே பாடுதல் ஒரு முழு உருவகத்தின் உறுப்பு. வண்டின் ஒலிக்கு அன்றாட வழக்கில் அமைந்த வினையன்று. உருவகம் கலைந்தவுடன் வண்டு முரலத் தொடங்கிவிடும். 'பாடும் மீன்' என்னும் தொடரோ எவ்வித உருவகச் சூழலுமின்றி, ஓர் உயிரினத்தின் பெயர் போலவே வழங்குகிறது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இனி வாவிக்கு வருவோம். மட்டக்களப்பு வாவியின் ஒலிபற்றி எழுதப்பட்டவற்றுள் பெரிதும் அறியப்பட்டது, 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்றின் விவரிப்பாகும். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த அவர், நீரடியிலிருந்து இசையொலி கேட்கிறது என்ற செய்தியை விசாரித்து, மீனவர்களை அழைத்துப் பேசி, நிலவெழுந்தபின் அவர்களோடு தோணியிற் சென்று கேட்டதைப் பின்னர் 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய பெருநூலிலும், 1861இல் வெளிவந்த இயற்கை வரலாற்று நூலிலும் எழுதினார். அப்பகுதி மிகுந்த நிதானத்தோடு எழுதப்பட்டது. ஒல்லாந்தர் கோட்டையருகிலிருந்து எத்துணைத் தூரம் சென்றனர், காற்று எவ்வாறிருந்தது, தோணிப் பலகையிற் காது வைத்தபோது ஒலி எவ்வாறு பெருகிற்று என்பனவெல்லாம் அங்குள்ளன. ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் அதிர்வை அவர் உவமையாகக் காட்டுகிறார். ஒரே நீண்ட சுரமாகவன்றிப் பல சிற்றொலிகளின் கூட்டமாக அது கேட்டதென்றும் குறிக்கிறார். தம் காதாற் கேட்டதை விவரிக்கும் அவ்விடத்தில் மீன் பாடியதாக அவர் எழுதவில்லை. இசைத்தன்மை வாய்ந்த ஒலிகள் என்றே பேசுகிறார். ஒலி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதால், அதை எழுப்புவது மீனாக இராது என்னும் பக்கமே அவர் சாய்கிறார்.

அவ்வாறு சாய்வதற்கு அவர் கொண்ட சான்று எமது மீனவரின் வாய்மொழியாகும். அவர்கள் அவரிடம், தம் தந்தையரும் இவ்வொலியை அறிவர் என்றும், கோடையில் மட்டுமே இது கேட்கும் என்றும், மழைவெள்ளம் வாவியில் இறங்கியதும் நின்றுவிடும் என்றும், இதை எழுப்புவது மீனன்று, ஒருவகை ஊரி என்றும் கூறினர். அவ்வூரியின் தமிழ்ப் பெயரென ஒரு தொடரையும் ரெனன்ற் ஆங்கில எழுத்துகளிற் பதிந்து வைத்துள்ளார். ஆங்கிலேயரின் காதும் அச்சுக்கோப்பாளரின் கையும் சேர்ந்து சிதைத்த அத்தொடரைப் பலமுறை உரக்க வாசித்துப் பார்த்தேன். 'ஊரி குளறுகிறது' என்பதன்றி வேறொன்றாகவும் அது எனக்குப் படவில்லை.

இதில் இரு செய்திகள் உள்ளன. முதலாவது, இது பெயரன்று, வாக்கியம். எழுவாயும் நிகழ்கால வினைமுற்றும் கொண்ட முழுமையான வாக்கியம். அதிகாரி அது என்னவென்று வினவியிருப்பார்; மீனவர் 'ஊரி குளறுகிறது' என விடையிறுத்திருப்பர். அவர் அதனை ஓர் உயிரினத்தின் பெயரெனக் கொண்டு குறித்துக்கொண்டார். நடக்கின்ற செயலொன்றைக் கூறிய வினைமுற்று, அவருடைய ஏட்டில், ஒரு பொருளின் நிலையான அடைமொழியாக உறைந்துவிட்டது. ஒரு மொழியின் வினை மற்றொரு மொழியிற் பெயராகும்போது காலம் போய்விடுகிறது. கோடையில் மட்டும், நிலவில் மட்டும், குறித்த இடத்தில் மட்டும் நிகழ்வது, எப்போதும் உள்ளதாகிவிடுகிறது.

இரண்டாவது செய்தி வினையின் பொருள் பற்றியது. 'குளறு' என்பதற்கு ரெனன்ற் தந்த ஆங்கிலம் 'குறை' என்பதாகும். தமிழெழுத்தில் எழுதும்போது இது எம்முடைய 'குறை' போலத் தோன்றுவது வெறுந் தற்செயலே. இவ்வினையும் ஆங்கிலத்தின் பன்முக வினைகளுள் ஒன்று. கண்ணீர் விடுதல், உரத்துக் கூப்பிடுதல், தெருவிற் பொருள் கூவி விற்றல், விலங்கும் பறவையும் கத்துதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆகவே அவர் அழுகையைக் கருதினாரா, கத்துதலைக் கருதினாரா என்பது ஆங்கிலம் மட்டும் வாசிப்போர்க்குத் தெளிவாகாது.

தமிழிலும் 'குளறு' ஒருபொருட் சொல்லன்று. நாத் தடுமாறிச் சொல் தெளிவின்றி வருதல் அகராதிகள் தரும் பொருள். ழகரத்தோடு எழுதப்படும்போது அது கூகைக்கு மரபிலுரிய வினை. ஈழத்துப் பேச்சுவழக்கிலோ வாய்விட்டுக் கதறியழுதலே முதற்பொருள். செத்தவீட்டிற் பெண்கள் குளறுவர். இம்மூன்று பொருள்களையும் வாவியின் ஒலியோடு பொருத்திப் பார்க்கலாம். தெளிவற்றது, இரவில் எழுவது, கேட்போரிடத்து ஒருவகைத் துயரைக் கிளர்த்துவது. 1848இன் மீனவர் எப்பொருளைக் கருதினர் என்பதை அறுதியிட்டுக் கூறும் துணிவு எனக்கில்லை. அழுகைப் பொருளையே கொண்டு, எமது வாவி நூற்றாண்டுகளாக அழுதுகொண்டிருக்கிறது எனக் கவிதை எழுதுவோர் எழுதலாம். 1990ஆம் ஆண்டையும் 2004 மார்கழி 26ஆந் திகதியையும் கண்டவர்களின் நடுவே வளர்ந்த எமக்குக் குளறல் என்பதன் பொருளை அகராதியில் தேடவேண்டியதுமில்லை. எனினும், சொற்போல எழுந்து சொல்லாகாது நிற்கும் ஒலி என்பதே அவ்வினையின் மையமெனக் கருதுகிறேன். நாத் தடுமாறுபவனும் கதறுபவளும் கூகையும் ஒரே வினைக்கு உரியோராவது அக்காரணத்தாலேயே. இங்ஙனம் நோக்கின், குளறுதல் பாடுதலின் நேர்மறுதலை என்றே கூறலாம். பாட்டிற் சொல் திருந்தி நிற்கிறது; குளறலிற் சொல் சிதைந்து நிற்கிறது.

மீனவரின் வினை இவ்வாறிருக்க, ஆங்கிலப் பயண நூல்களிலும் செய்தித்தாள்களிலும் 'சிங்கிங் பிஷ்' என்ற தொடர் நிலைபெற்றது. ஆங்கிலத்தில் அதிற் பிழையேதுமில்லை. கேத்தலும் தந்திக்கம்பியும் பாடும் மொழியில் மீனும் பாடலாம். அங்கு அவ்வினை மீனுக்கு எவ்வித அறிவையும் ஏற்றிக் கூறவில்லை. கலிபோர்ணியாவின் சோசலிட்டோ நகரிற் படகுவீடுகளில் வாழ்வோரை 1980களில் இரவெல்லாம் துயிலாது வருத்திய ஓசை ஒருவகை மீனின் காற்றுப்பை அதிர்வால் எழுவதென ஆய்வாளர் கண்டபோது, அதனை ரீங்காரமென்றும் பாட்டென்றும் மாறிமாறி எழுதினர். எவரும் அதனாற் சோசலிட்டோவை மீன் பாடும் நாடெனப் போற்றவில்லை. எமது வாவியில் ஒலிப்பது ஊரியா மீனா என்பதில் ஒருமித்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை. 1950களில் யேசுசபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவுசெய்தார். அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆயினும் ஒலி பதிவானதேயன்றி, அதன் வாய் இதுவெனக் காணப்படவில்லை.

ஆங்கிலத்தொடர் தமிழுக்கு வந்தபோதுதான் மாற்றம் நிகழ்ந்தது. சொல்லின் வழியே சென்ற எமது 'பாடு' வினை மீனுக்கு அளிக்கப்பட்டவுடன், மீனுக்குச் சொல் உண்டாயிற்று. எதைப் பாடுகிறது, யாரைப் பாடுகிறது, யாருக்காகப் பாடுகிறது என்னும் வினாக்கள் உடனெழுந்தன. ஆங்கில வாசகருக்கு இவ்வினாக்கள் எழா. கேத்தல் யாரைப் பாடுகிறதென எவரும் கேளார். தமிழ்ப் புலவரோ அவற்றுக்கு விடையளித்தாகவேண்டும். கிழக்கிலங்கைக் கவிதையில் மீன் காதலைப் பாடியது, மண்ணைப் பாடியது, பிரிவைப் பாடியது, பின்னாளிற் போரையும் பாடியது. கவிஞர் நீலாவணன் தாம் நடத்திய இதழுக்கும் 'பாடும் மீன்' என்றே பெயரிட்டார். 'மீன் பாடும் தேன்நாடு' என்பது இப்பிரதேசத்தின் மறுபெயராகவே ஆகிவிட்டது. கொழும்பிலிருந்து இரவில் வரும் புகையிரதத்தின் 'மீனகயா' என்னும் சிங்களப் பெயரிலும் மீனும் பாட்டும் சேர்ந்தே பயணஞ் செய்கின்றன. ஒரு வினையின் பொருட்பரப்பைத் தவறாக அளந்தமையால் விளைந்த இலக்கியச் செல்வம் இது. தவறென்பதற்காக அதனை வெறுத்தொதுக்குதல் பேதைமையாகும்.

இவ்விடயத்திற் சுவாமி விபுலானந்தர் கொண்ட நிலை தனித்து நோக்கற்பாலது. காரைதீவிற் பிறந்து வாவியின் ஒலியை நன்கறிந்த அவர், இசையாராய்ச்சியில் ஆழ்ந்தவர். 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னின்றவர். ஆங்கிலச் சொல்லின் எல்லை எது, தமிழ்ச்சொல்லின் எல்லை எது என்பதை நிறுத்துப் பார்க்கப் பழகியவர். அவர் இவ்வொலியைப் பாடுபொருளாக்கியபோது இட்ட தலைப்பு 'நீரர மகளிர் இன்னிசைப் பாடல்' என்பதாகும். மீனைப் பாடவைக்க அவர் முற்படவில்லை. பாடுதல் என்னும் வினையை ஆளவேண்டுமாயின் அவ்வினைக்குரிய வினைமுதல் வேண்டும். சொல்லும் சுரமும் அறிந்த மகளிர் வேண்டும். ஆகவே நீருக்குள் மகளிரை அழைத்தார் எனக் கருதுகிறேன். பிறர் வினைக்கேற்ப மீனை மாற்றினர். அடிகளார் வினைமுதலையே மாற்றினார். எனது நோக்கில் இதுவே தமிழ் மரபறிந்த தீர்வு. ஆயினும் ஊரி இங்கும் இடம்பெறவில்லை என்பதைக் கூறாதிருக்க முடியாது.

ஊரிக்கு நேர்ந்தது பெருத்த இழப்பு. நகரின் வளைவுகளிலும் மலர்களின் அட்டைகளிலும் வாய்திறந்த மீன் இருக்கிறது. ஒலியின் உரிமையாளரென மீனவர் சுட்டிய சிற்றுயிரை எவரும் வரைவதில்லை. வினையும் அவ்வாறே மறைந்தது. எனது தாய்வழிப் பெத்தப்பா எழுவான்கரைக் கிராமமொன்றில் ஐம்பது ஆண்டுகள் வாவியில் வலை வீசியவர். இக்கட்டுரைக்காக அவரிடம், அவ்வொலியை நீங்கள் எவ்வாறு சொல்வீர்கள் எனக் கேட்டேன். 'சத்தம்' என்றார். அது என்ன செய்யும் என்றேன். 'சத்தம் கேக்கும்' என்றார். குளறுமா எனக் கேட்டபோது, செத்தவீட்டுக்கல்லவா அந்தச் சொல் என்பதுபோல என்னை நோக்கினார். அவருடைய பாட்டனார் காலத்து வினை அவரிடம் இல்லை. அது பிழைத்திருப்பது, தமிழறியாத ஓர் அதிகாரியின் நூலில், பிழையான எழுத்துகளில் மட்டுமே. பிரதேச வழக்குச் சொற்களைத் திரட்டுவோர் பெயர்ச்சொற்களையே பெரிதும் திரட்டுகின்றனர். வலைகளின் பெயர், மீன்களின் பெயர், நெல்லின் பெயர் எனப் பட்டியல்கள் பலவுண்டு. வினைகளை எவர் திரட்டினர்? பெயர் பொருளோடு சேர்ந்து கண்முன் நிற்கிறது. வினை செயலோடு போய்விடுகிறது.

பெத்தப்பாவிடம் மீன் பாடுவதுபற்றி வினவியபோது அவர் கூறிய விடை, நான் கற்ற மொழியியல் அனைத்தையும் விடக் கூர்மையாக இருந்தது. 'மீன் படுமா எண்டுதான் மனே நாங்க பாத்த. பாடுமா எண்டு ஆரு பாத்த?' வலையில் மீன் அகப்படுதலை மீனவர் 'படுதல்' என்பர். கிடைத்த தொகையை 'மீன்பாடு' என்பர். கரைவலை இழுக்கும் இடத்துக்கும் 'பாடு' என்றே பெயர். 'மீன் பாடும்' என்பதும் 'மீன் படும்' என்பதும் ஒரு மாத்திரையளவில் வேறுபடுவன. அந்த ஒரு மாத்திரைக்குள் நகரத்துக்கும் துறைக்குமிடையேயுள்ள தொலைவு முழுவதும் அடங்கியிருக்கிறது. கதிரவன் படும் திசையாற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற மேற்குக்கரையிலும், எதிரேயுள்ள எழுவான்கரையிலும், ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் இவ்வாவியை நம்பி வாழ்வோர்க்கு முதலிற் கேட்கவேண்டிய வினா மீன்பாடு பற்றியதே. நகரக் கழிவும் கரை நிரப்பலும் மலிந்த இந்நாளில் அவர்கள் மீன்பாடு குறைந்ததெனக் கூறுவதைக் கேட்கிறோம். மீன் பாடுவதாக நாம் எழுதும் அளவு மட்டும் குறையவில்லை.

கேட்டல் என்னும் எமது வினையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. ஆங்கிலம் வினவுதலுக்கு ஒரு சொல்லும் செவிப்படுதலுக்கு வேறொரு சொல்லும் செவிகொடுத்தலுக்கு மற்றொரு சொல்லும் வைத்திருக்க, தமிழ் இம்மூன்றையும் 'கேள்' என்னும் ஒரே வினையில் அடக்கியுள்ளது. ரெனன்ற் மீனவரிடம் கேட்டார். பின் தோணியிற் சென்று கேட்டார். பன்முக வினை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்ற கோடையில், நிலவு முழுமைபெற இரு நாள் இருக்கையில், பெத்தப்பாவோடு கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்றேன். ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயர்பூண்ட பழைய பாலத்தருகே, 2013இற் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வாகனங்கள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தன. அவர் சவளை நீரில் ஊன்றி, மேல்நுனியை என் காதோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். முதலிற் கேட்டது பாலத்தின் அதிர்வு மட்டுமே. இரண்டு லொறிகளுக்கு இடைப்பட்ட சிறு ஓய்வில் வேறொன்று கேட்டது. விட்டுவிட்டு, கீழிருந்து, ஒன்றுக்கு மேற்பட்டதாக. குறிப்பேட்டில் ஒரு வினையை எழுதி வெட்டினேன். மற்றொன்றை எழுதி அதனையும் வெட்டினேன். தோணியின் மறுமுனையிலிருந்து பெத்தப்பா, 'கேட்டதா மனே?' என்றார். 'கேட்டது' என்றேன். 'என்னமாதிரி?' என்றார். அதற்குள் அடுத்த லொறி வந்துவிட்டது.